கோட்டை காக்கும் கணினி விளையாட்டு: குணமும் குற்றமும்

விளையாட்டு என்றாலே வீண்பொழுது என்று ஒதுக்கும் பெற்றோரும் நம்மிடையே உளர். பிள்ளைகள் எதை விளையாடினால் என்ன, வீட்டில் அரவம் இல்லாதிருந்தால் போதும் என்று விட்டுவிடும் பெற்றோரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஒன்றில் ஒத்திருக்கின்றனர்: பிள்ளைகள் விளையாடுவது யாது என்று இவர்கள் உற்று நோக்குவதில்லை. ஒரு நூலை வாங்குமுன் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறோம். பண்டிகைக்குத் துணி எடுத்தால் சாயம் போகுமா என்று கேட்டறிகிறோம். நாள்தோறும் பல நாழிகைகளைக் கொண்டுபோகும் கணினி விளையாட்டைப்பற்றி மட்டும் ஒன்றும் அறியாதிருத்தல் முறையாகுமா? ஆதலின், இத்திங்கள் அத்தகைய விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நிறைகுறைகளை அன்பர்களுடன் சேர்ந்து ஆராய எண்ணுகிறோம்.

அவ்விளையாட்டின் பெயர் ‘தே ஆர் பில்லியன்ஸ்’. ‘அவர்கள் எண்ணிலடங்காதவர்கள்’ என்பது அதன் கருத்து. ஸ்பெயின் நாட்டு நுமாண்டியன் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனத்தார் இதனை ஆக்கினர். 2017 டிசம்பரில், பணி முற்றும் முன்னரே, இது விற்பனைக்கு வந்தது; 2019 ஜூனில் நிறைவுற்ற வடிவம் பெற்றது. ரோமானியரின் படையை நெடுநாள் எதிர்த்து நின்று, இறுதியில் முற்றுகைக்கு ஆளாகிக் கி.மு. 133-இல் வீழ்ந்த நுமாந்தியா என்னும் பண்டை ஊரை நிறுவனத்தின் பெயர் நினைவூட்டுகிறது. கோட்டை காக்கும் விளையாட்டை ஆக்கியோருக்கு இப்பெயர் பொருத்தமானதே.

இவ்விளையாட்டில் இரண்டு மரபுகள் வந்து கலக்கின்றன. முதலாவது, ‘டவர் டிஃபென்ஸ்’ எனப்படும் கோபுரக் காப்பு. அலையலையாக வரும் பகைவரைத் தடுக்கக் கோபுரங்களும் மதில்களும் எழுப்புவதே இதன் இயல்பு. 1990-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘ராம்பார்ட்’ இவ்வகைக்கு ஒரு முன்னோடி. 2009-இல் வெளிவந்த ‘பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்’ இதனை உலகெங்கும் பரப்பியது. புல்வெளியில் செடிகளை வரிசையாக நட்டுப் பிணங்களைத் தடுக்கும் அவ்விளையாட்டை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அறிவர். நம் இலக்கணம் இத்துறைக்குப் புதிதன்று. கோட்டையை முற்றுவோரின் செயலை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்போரின் செயலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை பிரித்துக் காட்டும். பிள்ளைகள் கணினி முன் அமர்ந்து ஆடுவது நொச்சிப் போரே.

இரண்டாவது மரபு ‘ஸ்டீம்பங்க்’ என்பது. நீராவியும் பற்சக்கரமும் பித்தளைக் குழாயுமே உலகை ஆண்டுகொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்னும் கற்பனையே இது. ஜூல் வெர்னும் எச். ஜி. வெல்சும் எழுதிய கதைகள் இதற்கு ஊற்று. பெயரைச் சூட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர்; ஆண்டு 1987.

இனி விளையாட்டைக் காண்போம். கதை நிகழ்வது இருபத்திரண்டாம் நூற்றாண்டில். கொடியதொரு தொற்றுநோயால் மாந்தருள் மிகப் பெரும்பாலோர் அறிவிழந்து நடமாடும் பிணங்கள் ஆகிவிட்டனர். எஞ்சிய சிலர் குவிண்டஸ் கிரேன் என்னும் தலைவனின் ஆட்சியில் வாழ்கின்றனர். ஆடுவோரின் கடமை குடியேற்றம் ஒன்றை நிறுவி, குறித்த நாள்வரையில் அதனைக் காத்தல். நடுவே ஒரு தலைமையிடம்; சுற்றிலும் கூடாரங்கள், வேட்டுவர் குடில், மரம் அறுக்கும் ஆலை, கல் வெட்டும் குழி; அவற்றுக்கு அப்பால் மதில்; மதிலுக்கு அப்பால் அலைந்து திரியும் நோயுற்றோர். அவ்வப்போது ஒரு திசையிலிருந்து பெருங்கூட்டம் வரும். இறுதியில் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒருங்கே வரும். அதனைத் தாங்கி நின்றால் வெற்றி.

முதலில் குணங்களைக் கூறுவோம்.

சிந்திக்க இடம் தருதல் முதற்குணம். காலம் ஓடிக்கொண்டே இருப்பினும், விரும்பியபோது அதனை நிறுத்தி வைக்கலாம். நிறுத்திய நிலையிலேயே ஆணையிடலாம். கட்டடம் எழுப்ப ஏற்பாடு செய்யலாம். விரல் வேகம் இங்கே முதன்மையன்று, முன்னறிவே முதன்மை. கண்ணிமைப்பதற்குள் பொத்தானை அழுத்துவோனே வெல்லும் விளையாட்டுகள் மலிந்த நாளில் இது போற்றத்தக்கது.

வரவு செலவைக் கற்பித்தல் இரண்டாவது. வீடு கட்டினால் குடிகள் வருவர். குடிகளுக்கு உணவு வேண்டும். ஆலைக்கு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மின்னாற்றல் வேண்டும். மரம், கல், இரும்பு, எண்ணெய், பொன் என்னும் ஐந்தும் அளவோடு சேர வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றவை தேங்கும். படைக்கே எல்லாம் செலவிட்டால் ஊர் வளராது. ஊரையே வளர்த்தால் மதில் வலுப்பெறாது. திங்கள் தொடக்கத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் என்று பகுத்து வைக்கும் தாய்மாருக்கு இக்கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஓசையைக் கருவியாக்கிய நுட்பம். வில்லேந்திய காவலர் அரவமின்றிப் பகைவரை வீழ்த்துவர். துப்பாக்கி ஏந்திய வீரர் வலியவர்; ஆயினும் வெடியோசை கேட்டு மேலும் பலர் திரண்டு வருவர். வலிமைக்கு ஒரு விலை உண்டு என்பதை இவ்வளவு எளிதாக உணர்த்தும் விளையாட்டுகள் சிலவே.

நான்காவது, கண்முன் எழும் காட்சியின் பெருமை. ஒரே வேளையில் 20,000 உருவங்கள் வரை இயங்க வல்லது இவ்விளையாட்டு என்பர் ஆக்கியோர். திரை முழுதும் கருங்கடலென ஒரு கூட்டம் மதிலை நோக்கி வரும்போது, ஆடுவோனின் நெஞ்சு துடிப்பது இயல்பே.

ஐந்தாவது, பெற்றோர்க்கு உவப்பானது. ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும். கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றைப்போல் அடிக்கடி இதற்குப் பத்து, அதற்கு நூறு என்று கைநீட்டுவதில்லை. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நடுவணரசு 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியதை அன்பர்கள் அறிவர். இது அவ்வகையினது அன்று. தனியொருவர் ஆடுவதாகலின், முன்பின் அறியாதார் இணையத்தில் வந்து பேசும் அச்சமும் இல்லை.

இனிக் குற்றங்களைக் காண்போம். அவை சிறியன அல்ல.

முதற்குற்றம், பழைய நிலைக்குத் திரும்ப இயலாமை. வேறு விளையாட்டுகளில் முன்னர்ச் சேமித்து வைத்த கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. நோயுற்றோருள் ஒருவன் மதிலின் சிறு இடைவெளி வழியே நுழைந்து ஒரு வீட்டைத் தாக்கினால், அவ்வீட்டார் அனைவரும் நோயுற்றோராகி அடுத்த வீட்டைத் தாக்குவர். நொடிப்பொழுதில் தெருவும், பின்னர் ஊரும் அழியும். பல மணி நேர உழைப்பு ஓர் ஓட்டையால் பாழாகும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதனைக் குற்றம் என்பதா, குணம் என்பதா? இழப்பு மெய்யாக இருப்பதனாலேயே மதிலைச் சுற்றிவந்து பார்க்கும் கருத்து பிள்ளைகளுக்கு உண்டாகிறது. அழித்து எழுதும் வசதி இல்லாத இடத்தில்தான் கை பொறுப்போடு எழுதும். ஆயினும், பிழைக்கும் தண்டனைக்கும் ஓர் அளவொப்பு வேண்டும். இங்கே பிழை கடுகளவு, தண்டனை மலையளவு. மேலும், உயிர்பிழைக்கும் ஆட்டத்தில் நிலப்படம் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைகிறது. சிலபோது இயற்கை அரண் நிறைந்த நிலம் கிடைக்கும். சிலபோது எப்பக்கமும் திறந்து கிடக்கும் வெளி கிடைக்கும். திறமையால் தோற்றால் மனம் ஆறும். திருவுளச்சீட்டால் தோற்றால் ஆறாது.

இரண்டாவது குற்றம், கற்பிக்கும் முறையில் உள்ளது. எது ஏன் நிகழ்ந்தது என்பதை விளையாட்டு விளக்குவது குறைவு. தோற்றுத் தோற்றே அறிய வேண்டும். அதன் மொழிகளுள் தமிழ் இல்லாமையால், ஆங்கிலம் தெளியாத சிறுவர்க்கு இடர் இன்னும் மிகுதி.

மூன்றாவது, 2019-இல் சேர்த்த நெடுங்கதைப் பகுதி. 48 களங்கள், 60 மணி நேரத்திற்கு மேற்பட்ட ஆட்டம் என்று விளம்பரம் செய்தனர். அளவு பெரிதே, சுவை சீராக இல்லை. கலியோப்பே, கேலஸ் என்னும் வீரர் இருவருள் ஒருவரை இருண்ட நிலவறைகளுக்குள் நடத்திச் சென்று, தரையில் கிடக்கும் சிறு பொருள்களைத் தேடச் செய்யும் களங்கள் சலிப்பூட்டுகின்றன. கோட்டை கட்டவே வந்தவனைக் குப்பை பொறுக்க விடுதல் நன்றன்று.

நான்காவது, நீராவி வெறும் உடுப்பாக நின்றுவிட்டது. பித்தளையும் தோலும் உயர்ந்த தொப்பியும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் விளையாட்டின் இயக்கத்தில் நீராவிக்கு இடமில்லை. காற்றாலையும், டெஸ்லா பெயர் தாங்கிய மின்கோபுரமும், எண்ணெயுமே தொழிற்படுகின்றன. நீராவிக் காலத்தைப் பேரரசின் பொற்காலமாகக் காட்டும் இக்கற்பனை, அக்காலத்தில் உழைத்தவர் யார் என்று கேட்பதில்லை. நம் முன்னோர் எத்துணையோ பேரைப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாக ஏற்றிச் சென்றவை நீராவிக் கப்பல்களே. அதனை நம் பிள்ளைகளுக்கு நாம்தாம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது குற்றத்தைச் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். மதிலுக்கு வெளியே இருப்போர்க்கு முகமில்லை, பெயரில்லை. அவர்களும் முன்னர் மாந்தராக இருந்தவர்களே. எனினும் மருந்து தேடவோ, ஒருவரையேனும் மீட்கவோ ஆடுவோனுக்கு இடமில்லை. ‘நாம் சிலர், அவர்கள் எண்ணிலடங்காதவர்கள்’ என்னும் அச்சமே விளையாட்டின் உயிர்நாடி. கற்பனையில் இது தீங்கற்றது போல் தோன்றும். ஆனால் பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்த நாம், ‘வெளியார் திரள் திரளாக வருகின்றனர்’ என்னும் பேச்சை நம்மைக் குறித்தே கேட்டறியாதவர்கள் அல்லேம். இன்று மதிலுக்கு உள்ளே நின்று ஆடும் நம் பிள்ளை, நாளை ஏதோ ஒரு நகரில் மதிலுக்கு வெளியே நிற்பவனாகக் கருதப்படலாம். அதனை அவன் எண்ணிப் பார்த்தல் நலம். இதற்காக விளையாட்டைத் தடுக்க வேண்டும் என்று கூற வரவில்லை. ஆடி முடித்த பின் அவனுடன் பேச வேண்டும் என்கிறோம்.

நிறையையும் குறையையும் தூக்கிப் பார்த்து நாம் கூறும் முடிவு இதுவே: உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை எட்டிய பிள்ளைகளுக்கு இது கூர்மை தரும் விளையாட்டு. குருதியும் அச்சமும் நிறைந்ததாகலின் சிறு குழந்தைகளுக்கு உகந்ததன்று. தோல்வியைத் தாங்காது பொருள்களை வீசி எறியும் இயல்புடைய பிள்ளைக்கு இப்போது வேண்டா. சில ஆண்டு கழியட்டும். வாங்குவோர் நெடுங்கதைப் பகுதியை நம்பி வாங்க வேண்டா. உயிர்பிழைக்கும் ஆட்டமே இதன் மெய்யான சுவை.

பெற்றோர்க்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. உணவுக்கு அழைக்கும்போது, “இப்போது எழுந்தால் எல்லாம் போய்விடும்” என்று பிள்ளை சொல்லக்கூடும். அது முழுதும் சரியன்று. பழைய நிலைக்குத் திரும்பத்தான் இயலாதே தவிர, ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது நின்ற நிலையை விளையாட்டு காத்துவைக்கும். மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். ஆதலின் நேர வரையறை செய்தலில் தடையொன்றும் இல்லை. அதே வேளையில், ஊர் முழுதும் அழிந்த மாலையில் பிள்ளை முகம் வாடி இருந்தால் எள்ளி நகையாடுதலும் வேண்டா. கற்பனை ஊரேயாயினும், கட்டிய கை அவனுடையது, வருத்தமும் அவனுடையது. ‘எந்தப் பக்கம் உடைந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லத் தொடங்குவான்.

அப்படிச் சொல்லும்போது தமிழில் சொல்லச் செய்தல் நம் கையில் உள்ளது. அயல்மொழி சூழ்ந்த நகரில் வளரும் பிள்ளைகளுக்குப் போர்த்துறைச் சொற்கள் பாடநூலில் மட்டுமே கிடைக்கும். மதில், அகழி, எயில், ஞாயில் என்பவற்றை மனப்பாடம் செய்வதினும், தான் கட்டிய மதிலைக் காட்டிப் பெயர் கேட்டறிவது எளிது. திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் உண்டு. உயரமும் அகலமும் திண்மையும் வேண்டும் என்று அரணின் இயல்புகளை அடுக்கிச் சொல்லும் வள்ளுவர், செயல்திறம் இல்லாதவரிடத்து எத்துணைச் சிறந்த அரணும் பயன்படாது என்று முடிக்கிறார். ஓர் ஓட்டையால் ஊரை இழந்த பிள்ளைக்கு அக்குறளின் பொருளை நெடிது விளக்க வேண்டியிராது. படித்துக் காட்டினாலே போதும்.