ரசீதில் எழுதிவிட்டால் ஹலால் ஆகிவிடுமா?

"எக்காரணம் கொண்டும் கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது."

டிராவல்ஸ் ரசீதுகளின் அடியில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் இந்த வாசகம் இருக்கும். பணம் கட்டும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. பயணம் தடைப்படும் நாளில்தான் அந்தப் பொடி எழுத்து யானை அளவுக்குப் பெரிதாகி நம் முன்னால் வந்து நிற்கிறது.

தி.நகர் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய ரெடிமேட் கடை வைத்திருக்கிறார் ஒரு சகோதரர். தாயாரை உம்ராவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சீட்டு எடுத்து, ஆளுக்கு 95,000 ரூபாய் வீதம் இருவருக்கும் 1,90,000 ரூபாய் கட்டினார். புறப்படப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை, படுத்த படுக்கை.

சகோதரர் ஏஜெண்டிடம் ஓடினார். பணத்தைக்கூட அவர் கேட்கவில்லை. "மூன்று மாதம் கழித்து வேறு குரூப்பில் அனுப்பி வையுங்கள் பாய்" என்றுதான் கேட்டார். ஏஜெண்ட் ரசீதைத் திருப்பிக் காட்டினார். "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே பாய், நான் என்ன செய்ய?"

அந்த ரசீதோடுதான் சகோதரர் நம்மிடம் வந்தார். "கையெழுத்துப் போட்டது நான்தானே, கேட்பது தப்போ?" என்று தயங்கினார். இந்தத் தயக்கம்தான் நம்மை எழுத வைத்தது. அநியாயமாக ஒரு பைசா கேட்கக் கூடாது என்று அஞ்சும் மனிதர், தன் நியாயமான பணத்தைக் கேட்கவும் அஞ்சுகிறாரே!

கைவிட்டது யார்?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயணம் ரத்தாவது மூன்று வகை. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

ஒன்று, பணம் வாங்கியவரே பயணத்தை ரத்து செய்வது, அல்லது சொன்ன தேதி, சொன்ன விடுதி, சொன்ன விமானம் எதையும் தராமல் மாற்றுவது. இங்கே தவறு விற்றவருடையது. முழுப் பணமும் திரும்பியாக வேண்டும். வாங்கியவரைக் கட்டுப்படுத்த எழுதிய வாசகத்தைக் காட்டி விற்றவர் தப்பிக்க முடியாது.

2025 ஹஜ்ஜை நினைத்துப் பாருங்கள். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,75,025. அதில் 1,22,518 ஹஜ் கமிட்டிக்கு. மீதி 52,507 தனியார் நிறுவனங்களுக்கு. எண்ணூறுக்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்கள் 26 குழுமங்களாக இணைக்கப்பட்டன. சவூதி அரசு விதித்த கெடுவுக்குள் மினாவின் கூடாரங்கள், தங்குமிடம், போக்குவரத்துக்கான ஒப்பந்தங்களை அக்குழுமங்கள் முடிக்கவில்லை என்றது மத்திய அரசு. இடங்கள் பறிபோயின. அரசு பேசியபின் 10,000 பேருக்கு மட்டும் மீண்டும் வழி திறந்தது. இது குறித்துத் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். யார் மீது குற்றம் என்று அரசும் நிறுவனங்களும் வழக்காடிக்கொள்ளட்டும். பெட்டி கட்டிக் காத்திருந்தவர்களில் ஒருவராவது 'கேன்சல்' கேட்டாரா? அவர்களிடம் போய் ரசீதின் அடியைக் காட்டலாமா?

இரண்டு, யாருடைய குற்றமும் இல்லாமல் வழியே அடைபடுவது. 2020 பிப்ரவரி 27 அன்று கொரோனா காரணமாக வெளிநாட்டு உம்ரா பயணிகளுக்குச் சவூதி அரசு கதவை மூடியது. அவ்வாண்டு ஜூன் 23 அன்று, இந்தியாவிலிருந்து ஹஜ் பயணம் இல்லை என்று மத்திய அரசு அறிவித்தது. விண்ணப்பித்திருந்த 2,13,000 பேருக்கும் கட்டிய பணம் பிடித்தம் ஏதுமின்றித் திருப்பித் தரப்படும் என்றது. அரசு அமைப்பால் முடிந்தது தனியாருக்கு மட்டும் ஏன் முடியாது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 56-ஆம் பிரிவு. அப்படிச் செல்லாமல் போனால், அதன் மூலம் பெற்ற பயனைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. ஊரடங்குக் கால விமானச் சீட்டுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று அளித்த தீர்ப்பில், ஏஜெண்ட் மூலம் எடுத்த சீட்டின் பணம் ஏஜெண்டிடம் திரும்பினால் அது பயணியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அடங்கும்.

மூன்று, வாங்கியவரே தன் சூழ்நிலையால் போக முடியாமல் போவது. தி.நகர் சகோதரரின் கதை இதுதான். சிக்கலும் இங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாமே போகவில்லை என்றால் விற்றவருக்கு ஏற்பட்ட செலவை நாம் ஏற்கத்தான் வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் செலவு வேறு, தண்டம் வேறு!

ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தண்டம் எழுதியிருந்தாலும் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு இல்லை என்பதை 2015-இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அச்சாரமாக வாங்கிய நியாயமான சிறு தொகையைப் பிடித்துக்கொள்வது ஒன்று. முழு விலையையும் விழுங்குவது வேறொன்று.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை வாங்குபவர் மீது சுமத்தும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று பெயர் சொல்லியே வகைப்படுத்துகிறது. சேவையில் குறை வைத்தவர், ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது.

விமானச் சீட்டுக்கும் விதி உண்டு. 'ரீஃபண்ட் கிடையாது' என்று விற்ற சீட்டானாலும், பயணம் செய்யாதவருக்கு அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நம் நாட்டு விமான நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016-லேயே விதித்துவிட்டது. இதைக் கேட்டு வாங்குபவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பின் காஷ்மீர் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தனர். ஏர் இந்தியாவும் இண்டிகோவும் ஸ்ரீநகர் சீட்டுகளுக்கு ரத்துக் கட்டணத்தையும் தேதி மாற்றக் கட்டணத்தையும் ஏப்ரல் 30 வரை தள்ளுபடி செய்தன. மாற்றவே முடியாது என்று எழுதி வைத்தது, மாற்ற விரும்பியபோது மாறியதே!

மார்க்கம் என்ன சொல்கிறது?

பரஸ்பரத் திருப்தியுடன் நடக்கும் வியாபாரம் அன்றி, ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்ணக் கூடாது என்பது திருக்குர்ஆன் 4:29-இன் கட்டளை. படிக்க முடியாத எழுத்தில் இருக்கும் வாசகத்துக்குப் பெயர் பரஸ்பரத் திருப்தியா?

முன்பணத்தைப் பிடித்துக்கொள்வது கூடுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் கூடாது என்றனர். ஹன்பலி மத்ஹபில் கூடும் என்றனர். கூடும் என்றவர்களும் பேசியது முன்பணத்தைப் பற்றி. முழுத் தொகையை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றுமே தராமல் அனுப்புவதைப் பற்றி அல்ல.

விற்றதை, வாங்கியவர் வருந்திக் கேட்கும்போது மனமுவந்து ரத்து செய்து கொடுப்பதற்கு 'இகாலா' என்று ஃபிக்ஹு நூல்களில் பெயர். அப்படிச் செய்து கொடுத்தவரின் தவறுகளை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் இருக்கிறது. இது கடமை அல்ல, சிறப்பு. ஆனால் அல்லாஹ்வின் வீட்டுக்கு அழைத்துப் போவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தச் சிறப்பைத் தேட வேண்டாமா?

ஏஜெண்டுகளின் நியாயம்

அவர்கள் பக்கமும் கேட்போம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும் டிராவல்ஸ் நடத்துபவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் அல்லர். ஒற்றை அறையில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவர்கள் பலர். விமான நிறுவனத்துக்கும் மக்கா விடுதிக்கும் முன்கூட்டியே பணம் கட்டுகிறார்கள். கடைசி நேரத்தில் பத்துப் பேர் விலகினால் வட்டிக்கடைக்குத்தான் போக வேண்டும். விசாவுக்குக் கட்டிய பணம் திரும்பாது. இதெல்லாம் உண்மை.

வாங்குபவர்களிலும் யோக்கியம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஐயாயிரம் குறைவு என்று கேள்விப்பட்டதும் பொய்யாக மருத்துவச் சான்று வாங்கி வந்து பணத்தைக் கேட்கிறார்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளை (5:1) வாங்குபவருக்கும் சேர்த்துத்தான்.

எனவே நாம் கேட்பது முழுப் பணத்தை அல்ல. கணக்கை! எது செலவானது, எது செலவாகவில்லை என்ற கணக்கை. ரத்தான இருக்கையில் வேறொருவரை ஏற்றி அனுப்பிவிட்டு இருவரிடமும் பணம் வாங்கியது உண்டா இல்லையா என்ற பதிலை. ஒரே இருக்கையை இருமுறை விற்றால் அந்த இரண்டாவது பணத்துக்கு எந்த மத்ஹபில் இடம் உண்டு?

செய்ய வேண்டியது என்ன?

பணம் கட்டுமுன் ரத்து விதியைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்ற பட்டியல் வேண்டும். ஹஜ் கமிட்டி அதைத் தேதிவாரியாக முன்கூட்டியே அறிவிக்கிறது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் (2:282) இதைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

பயணம் தடைப்பட்டால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ஃபோனில் சொன்னது காற்றோடு போகும். மருத்துவச் சான்றை இணையுங்கள். தேதி மாற்றவோ, வேறு ஆளை அனுப்பவோ முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் செலவுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால் ஜமாஅத்தில் வைத்துப் பேசுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஏஜெண்டின் அலுவலகம் எங்கிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒப்பந்த விதியையே செல்லாததாக அறிவிக்கக் கோரினால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இனி, அந்தச் சகோதரரின் கதைக்கு வருவோம். சண்டை போடாமல், கணக்கு கேட்டு ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார். இரண்டு நாள் முகம் கொடுக்காத ஏஜெண்ட் மூன்றாம் நாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தார். விமானச் சீட்டு இருவருக்கும் 76,000. விசா வகையில் 30,000. மக்கா விடுதிக்குக் கட்டிய முன்பணம் 24,000. மொத்தம் 1,30,000 செலவாகியிருந்தது. மதீனா விடுதிக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அவர் இன்னும் ஒரு காசு கட்டவில்லை! மீதி 60,000-இல் தன் உழைப்புக்கென 10,000 எடுத்துக்கொண்டு 50,000 கொடுத்தார். சீட்டின் வரித்தொகை 9,000 ஒரு மாதம் கழித்து வந்தது. அதையும் கொடுத்துவிட்டார்.

1,90,000-இல் திரும்பியது 59,000. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் 'ஒரு பைசா வராது' என்ற இடத்திலிருந்து வந்த பணம் அது. அந்தத் தாயார் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அந்த 59,000 அடுத்த பயணத்தின் முதல் தவணையாக, தனியாக முடிந்து வைக்கப்பட்டிருக்கிறது. கணக்குப் பார்த்துக் கொடுத்த அதே ஏஜெண்டிடம்தான் மீண்டும் கட்டப் போவதாகச் சகோதரர் சொல்கிறார்.

டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களே! ஆயிரம் ரூபாய் விளம்பரம் தராத நம்பிக்கையை ஒரு நேர்மையான கணக்கு தந்துவிடும். அடுத்த முறை ரசீது அச்சடிக்கும்போது அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு பட்டியல் போடுங்கள், படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில்!

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பணம் கட்டப் போகும்போது கூடப் போங்கள். ரசீதின் அடியை முதலில் நீங்கள் படியுங்கள்.