பிள்ளையின் மொழியறியாப் பயிற்சிப் பட்டம்

நெசவு கற்கப் புகுந்தவனைத் தறியருகே அமர்த்துகின்றனர். தச்சுக் கற்கப் புகுந்தவன் கையில் உளியைக் கொடுக்கின்றனர். எத்தொழிலையும் அத்தொழிற்குரிய கருவியைக் கையாளப் பழக்கியே உலகம் கற்பித்து வருகின்றது. கற்பித்தல் என்னும் தொழிற்குரிய கருவி மொழி. அதிலும், எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு விளங்கும் மொழி. அக்கருவியைச் செம்மையாகக் கையாளப் பழக்காமலேயே, ‘இவர் ஆசிரியர்’ என்று எழுதிப் பொறித்துக் கொடுக்கும் புதுமை தமிழ்நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக நடந்து வருகின்றது. அப்புதுமைக்குப் பெயர் பி.எட். பட்டம்.

ஒரு துறையில் இளங்கலையோ முதுகலையோ முடித்தவர், அத்துறையைப் பள்ளியிற் கற்பிக்கும் தகுதி பெறுதற்பொருட்டுப் பயிலும் பட்டம் இது. இதன் வரலாறு வெள்ளையராட்சியில் தொடங்குவது. 1856-இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்று நிறுவப்பெற்றது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்து, பயிற்சிக் கல்லூரியாக வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கிய பட்டம் முதலில் எல்.டி. எனப்பட்டது, பின்னர்ப் பி.டி. ஆயிற்று, அதன்பின் பி.எட். ஆயிற்று. பெயர் இருமுறை மாறியது. மூன்று பெயருள் ஒன்றேனும் தமிழாயில்லை. பி.டி. என்னும் பட்டம் வழக்கொழிந்து பல்லாண்டுகள் ஆன பின்னும், பட்டதாரி ஆசிரியரைப் ‘பி.டி. அசிசுடெண்டு’ என்று அழைக்கும் வழக்கம் மட்டும் ஒழிந்தபாடில்லை.

பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்பாரும் உளர். அன்னோர் பெயரை விடுத்து உள்ளிருப்பதையே பார்க்கட்டும். இயற்பியலில் பட்டம் பெற்ற ஓர் இளைஞரை எடுத்துக்கொள்க. கல்லூரியில் மூன்றாண்டு ஆங்கிலத்திற் படித்தார். பி.எட். படிப்பையும் ஆங்கிலத்திலேயே முடித்தார். பாடக்குறிப்பு ஆங்கிலத்தில், பயிற்சிப் பதிவேடு ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். அதன்பின் அரசுப் பள்ளியொன்றில் தமிழ்வழி வகுப்பிற் பணியமர்கின்றார். பிள்ளைகள் முன் ‘முடுக்கம்’ என்னும் பாடம் விரிந்து கிடக்கின்றது. என்றோ படித்து மறந்த அச்சொல்லை, அல்லது ஒருநாளும் படித்தறியாத அச்சொல்லை, வகுப்புக்கு முந்திய இரவில்தான் அவர் பாடநூலில் தேடுகின்றார்.

முடுக்கம் கடுஞ்சொல்லன்று. ‘மாட்டை முடுக்கு’ என்பது ஏர் பிடித்த வீட்டில் அன்றாடம் கேட்ட சொல். விரைவைக் கூட்டுவதே முடுக்குதல் என்பது அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கு வருமுன்னரே தெரியும். அடர்த்தி என்றால் அடர்ந்த காட்டைக் கண்டவனுக்கு விளங்கும். விசை என்றால் கவண் எறிந்தவனுக்கு விளங்கும். ஒளிச்சேர்க்கை என்னும் சொல்லோ தன் பொருளைத் தானே சொல்லி நிற்பது. இச்சொற்களைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் பட்டறிவிலிருந்து அறிவியலுக்கு ஏறிச் செல்ல ஒரு படிக்கட்டே இருக்கின்றது. அப்படிக்கட்டு இருப்பதைத்தான் பி.எட். படிப்பு அந்த இளைஞருக்குக் காட்டவில்லை. ஆகவே அவர் ‘ஆக்சிலரேசன்’ என்கின்றார். ‘தமிழில் ஏதோ முடுக்கம் என்று போட்டிருக்கின்றான்’ என்கின்றார். பிள்ளை இரண்டு சொற்களையும் நெட்டுருச் செய்கின்றது. பொருள் ஒன்றிலும் இல்லை. பின்னர், ‘தமிழில் அறிவியல் படித்தால் விளங்காது’ என்னும் பழி யார்மேல் விழுகின்றது? ஆசிரியர் மேலன்று, அவரை ஆக்கிய பட்டத்தின் மேலுமன்று, தமிழின் மேல்!

‘தமிழிலும் பி.எட். படிக்கலாமே, தேர்வைத் தமிழிலும் எழுதலாமே’ என்று விடை கூறுவர். உண்மைதான். தமிழ்வழியிற் படித்தவர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் 2010-இல் வந்தது. அது போற்றத்தக்கதே. ஆனால், தமிழில் எழுத விடுவது வேறு. தமிழிற் பயிற்றுவது வேறு. ஆங்கில விரிவுரையைக் கேட்டு, கடைத்தெருவில் விற்கும் குறிப்பேட்டைத் தமிழில் நெட்டுருச் செய்து எழுதினால், அது தமிழ்வழிக் கல்வி ஆகிவிடாது. ஈராண்டுப் படிப்பில் ‘பாடந்தோறும் மொழி’ என்னும் கருத்தமைந்த தாள் ஒன்றும் சேர்க்கப்பட்டுள்ளது. எப்பாடத்தைக் கற்பிப்பவரும் மொழியையும் கருத வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான்; ஆனால், தமிழ்ப் பிள்ளைக்குக் கற்பிக்கப் போகின்றவர் அத்தாளையும் ஆங்கிலத்திலேயே எழுதித் தேறிவிடலாம்! இதனினும் பெரிய நகையாட்டு வேறில்லை.

தமிழால் இயலாது என்பார்க்கு இப்படிப்பின் சொற்களே சான்று கூறும். ஒரு காலத்தில் இதே துறையில் ‘மனோதத்துவம்’ என்றும் ‘போதனா முறை’ என்றும் ‘உபாத்தியாயர்’ என்றும் எழுதினர். அவற்றை மாற்றவே முடியாது என்றும் அடித்துச் சொன்னார்கள். இன்று உளவியல், கற்பித்தல் முறை, ஆசிரியர் என்பவையே எங்கும் வழங்குகின்றன. நுண்ணிலைக் கற்பித்தல், அடைவுத் தேர்வு என்று புதிய சொற்களும் வந்துவிட்டன. வானம் இடிந்து வீழவில்லை. முயன்ற இடத்தில் தமிழ் தளரவில்லை. முயலாத இடத்தில்தான் தமிழர் தளர்ந்து கிடக்கின்றனர்.

இனி, இப்படிப்பின் அடித்தளத்தைப் பார்ப்போர்க்கு மற்றொரு குறை புலப்படும். கல்வி மெய்ப்பொருள் என்னும் பகுதியில் உரூசோ வருகின்றார், பெசுதலோசி வருகின்றார், புரோபெல், சான் தூயி, பியாசே ஆகியோர் வருகின்றனர். அவர்கள் வரட்டும், அறிவு எத்திசையினின்று வந்தாலும் கொள்ளத் தக்கதே. ஆனால், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் செய்த பவணந்தியார் அந்த அவையில் எந்த மூலையில் இருக்கின்றார்? தம் நூலின் பொதுப்பாயிரத்தில் அவர் நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணவன் இயல்பு, கற்கும் முறை என ஐந்தையும் வகுத்துக் கூறினார். இக்காலப் பயிற்சிக் கல்லூரியின் பாடத்திட்டம் ஏறக்குறைய இவ்வைந்தன் விரிவேயாகும்.

கற்பிப்போன் விரையலாகாது, வெகுளலாகாது, மாணவன் கொள்ளும் அளவறிந்து முகமலர்ச்சியோடு கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கூறிய கற்பிக்கும் முறை. ஆசிரியனிடம் கேட்பதால் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிரம்பும் என்பது அவர் கூறிய கற்கும் முறை. உடன்பயில்வாரிடம் கற்றல் என்று இன்று பெரிதாகப் பேசப்படும் கருத்தின் சாறே இது. ஆசிரியனின் சிறப்புக்குக் குலத்தை முதலிற் கூறியது அக்காலத்தின் குறை, அதனைத் தள்ளிவிடுக. பதரைத் தூற்றிவிட்டு மணியைக் கொள்வதே உழவர் வழக்கம். பதர் இருக்கின்றதென்று களத்தையே தீயிடுவார் இலர். தமிழாசிரியராகப் போகின்றவர் மட்டும் இலக்கணப் பாடத்தில் நன்னூலைத் தொடுகின்றார். கணக்காசிரியரும் அறிவியலாசிரியரும் தம் தொழிலைப்பற்றித் தம் மொழியில் இப்படியொரு நூல் இருக்கின்றது என்பதையே அறியாமல் பட்டம் பெற்றுச் செல்கின்றனர்.

இந்நிலை தானே வந்ததன்று. வெள்ளையர் வகுத்த பள்ளியில் எல்.டி. பட்டதாரிக்கு ஒரு நாற்காலி, தமிழ்ப் புலவர்க்கு வேறொரு நாற்காலி என்றிருந்தது. புலவர்க்கு ஊதியம் குறைவு. தலைமையாசிரியராகும் வாய்ப்பு நெடுங்காலம் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆங்கிலம் அறிந்தவன் ஆள்வான், தமிழ் அறிந்தவன் பாடஞ்சொல்லிப் போவான் என்னும் அந்த அமைப்பே பயிற்சிக் கல்லூரியின் எலும்பிலும் ஊறிவிட்டது. ஊதிய வேற்றுமையைப் போராடிக் குறைத்தனர். உள்ளத்து வேற்றுமை இன்னும் குறையவில்லை.

இதன்மேல் தில்லியின் கை வேறு வந்து விழுந்தது. மாநிலத்தின் தனியுரிமையாயிருந்த கல்வி, 1976-இல் செய்த 42-ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. 1993-இல் இயற்றிய சட்டத்தால், என்.சி.டி.இ. எனப்படும் ஆசிரியர் கல்விக் குழுமம் 1995-இல் ஆட்சியுரிமை பெற்றது. அதன்பின் தமிழ்நாட்டில் ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கவும் தில்லியின் ஒப்பம் வேண்டும். படிப்பு எத்தனை ஆண்டு என்பதும் தில்லியின் ஆணை. ஓராண்டுப் படிப்பு போதாதென்று 2015-இல் அதனை ஈராண்டாக்கினர். 2020-ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையோ 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே அடிப்படைத் தகுதியாக வேண்டும் என்கின்றது; முதுகலையர்க்கும் நான்காண்டு இளங்கலை முடித்தவர்க்கும் ஓராண்டு போதும் என்கின்றது. ஆண்டுக்கணக்கைக் கூட்டுவதும் குறைப்பதுமே இவர்கள் அறிந்த சீர்திருத்தம். எந்தப் பிள்ளைக்கு, எம்மொழியில் என்னும் வினாவுக்கு அக்கணக்கில் இடமில்லை.

இவர்கள் காத்த தரத்தையும் பார்க்க. தனித்து நடக்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் நாடெங்கும் 10,000-க்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கல்விக்கு முயலாமல் பட்டத்தை விலைக்கு விற்கின்றன. இதனை யாரோ தமிழ்ப்பகைவரும் கூறவில்லை, தமிழ்ப்பற்றாளரும் கூறவில்லை. வர்மா ஆணையம் 2012-இல் கண்டதாக 2020-ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையே எழுதியிருக்கின்றது. அக்கடைகளைத் திறக்க ஒப்பம் அளித்தவர் யார்? நிலத்தை அளந்து, கட்டடத்தை அளந்து, ஆளை எண்ணி ஒப்பமிட்ட அதே குழுமந்தானே!

பட்டத்தை விற்கவிட்ட பின், பட்டத்தை நம்பவியலாது என்று மற்றொரு தேர்வையும் வைத்தனர். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பார்க்குத் தகுதித் தேர்வு வேண்டும் என்று 2010-இல் ஆணை பிறந்தது. 2012-இல் தமிழ்நாட்டில் முதன்முதல் நடந்த அத்தேர்வை 6 இலக்கத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். தேறினவர் 2,500-க்கும் குறைவு. இருநூற்றுவரில் ஒருவர்கூட இல்லை! எழுதியவருள் மிகப் பலர் முறைப்படி பயிற்சி முடித்துச் சான்று பெற்றவர். அப்படியாயின் இரண்டில் ஒன்று பொய்: பயிற்சி பொய்யாக வேண்டும், அல்லது தேர்வு பொய்யாக வேண்டும். இரண்டையும் நடத்துபவர் ஒருவரே ஆகையால், விடை கூறுவாரில்லை. 2025 செபுதம்பர் முதல் நாள் உச்ச நயன்மன்றம் வழங்கிய தீர்ப்போ, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேலுள்ள பணியாசிரியரும் ஈராண்டுக்குள் அத்தேர்வில் தேறவேண்டும் என்றது. இருபதாண்டு கற்பித்தவர் இரவில் கண்விழித்து வினாவிடை படிக்கின்றார். அவரை ஐயுறும் அரசு, அவரை ஆக்கிய கல்லூரியை ஐயுறுவதில்லை.

எனினும் தில்லியை மட்டும் குறைகூறி அமைதல் கோழைத்தனம். பி.எட். படிப்பைத் தமிழிற் பயிற்றக்கூடாது என்று தில்லி எங்கும் தடுக்கவில்லை. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இலேயே தோன்றிவிட்டது. அதன் பாடத்திட்டத்தை எழுதுவோர் தமிழர், அதன் கல்லூரிகளிற் கற்பிப்போர் தமிழர், கற்போரும் தமிழர். நன்னூலாசிரியர் தீய ஆசிரியனுக்கு முடத்தெங்கை உவமை கூறினார். ஒருவன் நீர்வார்த்து வளர்க்க, வேலிக்கு வெளியே வளைந்து அடுத்தவன் முற்றத்தில் காயைக் கொட்டும் தென்னை அது. தமிழ்மக்கள் வரிப்பணத்தால் நீர்வார்க்கப் பெறும் இப்பட்டம், தமிழ்ப் பிள்ளைக்கு நிழலும் தராமல் ஆங்கிலவழி வணிகத்தின் முற்றத்திலன்றோ காய்த்துக் கொட்டுகின்றது!

செய்ய வேண்டுவன நான்கே. தமிழ்வழி வகுப்பிற் கற்பிக்கப் போகின்ற எவரும், அவர் துறை எதுவாயினும், தம் பாடக்குறிப்பையும் பள்ளிப் பயிற்சியையும் தமிழிலேயே செய்து காட்டித் தேறுதல் வேண்டும். அவரவர் துறைச்சொற்களின் வேரையும் பொருளையும் கற்பிக்கும் துறைத்தமிழ்த் தாள் ஒன்று கட்டாயமாக வேண்டும். நன்னூற் பொதுப்பாயிரமும் திண்ணைப்பள்ளி முறையின் நிறைகுறையும் எல்லா ஆசிரியர்க்கும் அடிப்படைப் பாடமாதல் வேண்டும். கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வந்து, ஆசிரியர் தகுதியை வரையறுக்கும் உரிமை தமிழ்நாட்டின் கைக்கு மீளல் வேண்டும். நான்காவதற்குத் தில்லியோடு போராட வேண்டும், அது நாள்படும். முதல் மூன்றுக்கும் போராட வேண்டியது தமிழர் தம் மடிமையோடு மட்டுமே. அவற்றை வருகின்ற கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

தமிழ்ப் பல்கலைக்கழகங்களில் இருக்கை பெற்றவரும், பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருப்பவரும், பயிற்சிக் கல்லூரிகளிற் கற்பிப்பவரும் இதற்கு விடையிறுக்கட்டும். ‘காலம் வரட்டும்’ என்பாராயின், காலம் காத்திருக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காத்திராது. அடுத்த ஆண்டு அது பத்தாம் வகுப்புக்குப் போய்விடும்.