பூவோடு நின்றுவிடக் கூடாது கொடியின் அறிமுகம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரு கேள்வி என்னைத் தேடி வரும். யார் வீட்டு வேலியிலோ பூத்த கொடியைப் படம் பிடித்து வந்து, "டீச்சர், இது என்ன பூ?" என்பார்கள். தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு அதைவிட மகிழ்ச்சி தரும் கேள்வி இல்லை. ஆனால் போன கோடையில் வந்த கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது. வேலியோரம் கொத்திய மண்ணிலிருந்து கிடைத்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் கேட்டார்: "சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கு. அவிச்சுக் குழந்தைங்களுக்குக் குடுக்கலாமா டீச்சர்?"

கவட்டை போல இரண்டாகப் பிரிந்த, வெளிர் பழுப்புக் கிழங்கு அது. கார்த்திகையில் அந்தப் பெண் ஆசையோடு படம் எடுத்த அதே செங்காந்தளின் கிழங்கு.

பூவைக் காட்டினால் பெயர் சொல்லக் கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டன. நான் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்துகொள்ளும் ஆவலை அவை வளர்த்திருக்கின்றன. ஆனால் செங்காந்தள் பூவோடு நிற்பது ஆண்டில் சில வாரங்கள்தான். மழைக்கு முளைத்து, இலைவிட்டு, பூத்து, காய்த்தபின் தண்டு முழுவதும் காய்ந்து போகும். மிச்ச காலமெல்லாம் மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். பூவை மட்டும் தெரிந்தவருக்கு ஆண்டின் பெரும்பகுதி அது அந்நியச் செடியே.

இலையைப் பார்த்தாலே இதைச் சொல்லிவிடலாம். பாகற்கொடியில் பற்றுக்கம்பி கணுவிலிருந்து தனியாகக் கிளம்பும். சங்குப்பூக் கொடிக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, தண்டுதான் சுற்றிச் சுற்றி ஏறும். செங்காந்தளிலோ இலையின் நுனியே நீண்டு, மெலிந்து, சுருளாகிப் பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இலைக்குக் காம்பு இல்லை. நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடும். பூ வந்த பிறகு இன்னும் எளிது. ஆறு இதழ்களும் நெளிநெளியான விளிம்போடு மேல்நோக்கி மடங்கி நிற்கும். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருந்து, நாளாக ஆகச் செக்கச் சிவந்துவிடும். சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி, ஏறக்குறையச் செங்கோணமாகப் பக்கவாட்டில் வளைந்திருக்கும். மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இதை விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் காலை நேரத்தில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்ப்பது இந்த வளைவினால்தான்.

அந்த விதையில் இருப்பது கோல்ச்சிசின். கௌட் எனும் மூட்டுவலிக்கு மருந்தாகிறது. உயிரணு பிரிவதைத் தடுப்பது அதன் குணம். மருத்துவர் அளந்து கொடுக்கும்போது மருந்து, அளவு மீறினால் உயிர்க்கொல்லி. செடியின் எல்லாப் பகுதியிலும் இந்த நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்தடுத்த நாட்களில் எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும். உண்ணும் கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இறந்தவர்களைப் பற்றி இந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தப்பித் தவறி யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் பிடுங்கி எறிந்துவிடலாமே" என்பவர்கள் உண்டு. அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். நடவுக்காக வேலியிலும் காட்டிலும் தோண்டித் தோண்டி ஏற்கெனவே பல இடங்களில் குறைந்துவிட்டது. பயந்து அழிப்பதும், தெரியாமல் தின்பதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள். வீட்டில் குழந்தைகளோ ஆடு மாடுகளோ இருந்தால் எட்டாத இடத்தில் வளருங்கள். கிழங்கைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள். அதுபோதும், அந்தக் கொடியும் நாமும் ஒரே தெருவில் வாழலாம்.

அரசும் செய்ய வேண்டியது இருக்கிறது. நான் போய்ப் பார்க்கும் நாற்றுப்பண்ணைகளில் விலை எழுதிய அட்டை இருக்கிறதே தவிர, நச்சுச் செடி என்ற குறிப்பு இருப்பதில்லை. செங்காந்தள், குன்றிமணி, அரளி போன்றவற்றை விற்கும்போது தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், நச்சு எச்சரிக்கை மூன்றும் தொட்டியிலேயே இருக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். பூங்காக்களுக்கும் அதே விதி பொருந்த வேண்டும். ஐயம் வந்தால் கேட்க நம்மிடம் இடங்கள் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஊர்தோறும் கல்லூரித் தாவரவியல் துறைகள், வாரத்தில் ஒரு மாலையாவது பொதுமக்கள் கொண்டுவரும் செடியைப் பார்த்துச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பள்ளி. ஒரு வகுப்புக்கு ஒரு கொடியைக் கொடுங்கள். முளை, இலை, பற்றுக்கம்பி, பூ, காய், காய்ந்த தண்டு என்று ஆண்டு முழுக்க மாணவர்கள் பார்த்து வரையட்டும். மாநில மலரின் படம் போடும் இடத்திலெல்லாம் பூவோடு இலையும் கிழங்கும் வரட்டும், கீழே "தின்னக் கூடாது" என்ற ஒரு வரியோடு. ஒரு படமும் இரண்டு சொல்லும் எந்தத் துறைக்கும் பெரிய செலவில்லை. ஒரு வீட்டின் அடுப்பில் ஏறவிருக்கும் கிழங்கை அவை நிறுத்திவிடும்.