வினாகிரிப் போத்தலும் வியாபாரியின் நாணயமும்

நமது கலியாண வீடுகளில் சஹன் வைத்தால் புரியாணியோடு அச்சாறும் வந்தாக வேண்டும். சின்ன வெங்காயம், கொச்சிக்காய், பேரீச்சம்பழம் எல்லாம் போட்ட மலாய் அச்சாறு ஒரு சஹனில் குறைந்துவிட்டால் அதைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். அந்த அச்சாறுக்கு உயிர் கொடுப்பது வினாகிரி. ஆனால் அது எங்கிருந்து வந்தது, உண்மையிலேயே வினாகிரிதானா என்று வாங்குபவர் கேட்பதில்லை. விற்கும் நாமும் சொல்வதில்லை.

வீட்டில் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாதபோது நபி (ஸல்) அவர்கள் வினாகிரியைக் கேட்டு வாங்கி, அதைப் புகழ்ந்தவாறே உண்டார்கள் என்று ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'காடி' என்று வருவது இதுதான். இப்படிச் சிறப்புப் பெற்ற ஒரு பொருளை நாம் கடையின் மூலையில், மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கானில் வைத்திருக்கிறோம்.

கொழும்பில் பெரிய சுப்பர்மார்க்கட் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். வெளிநாட்டு வினாகிரிப் போத்தல்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே ஏதோ ஓர் இலைக் கொப்பும் இரண்டு வெள்ளைப்பூட்டுப் பல்லும் மிதக்கும். விலையோ நம் உள்ளூர்ப் போத்தலைப் போலப் பல மடங்கு. அந்தப் போத்தலுக்குள் மந்திரம் ஒன்றுமில்லை. நல்ல வினாகிரி, அதில் ஊறிய வாசனைப் பொருள், அவ்வளவுதான். உலகம் தேடும் கறுவா நம் நாட்டில் விளைகிறது. கராம்பு, மிளகு, ஏலக்காய், இஞ்சி, கொச்சிக்காய் எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில். நாமோ தலைமுறை தலைமுறையாக இவற்றை மூட்டையாக வாங்கி மூட்டையாகவே விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இதை வீட்டிலேயே செய்யலாம். வினாகிரியைப் புளிக்க வைத்து உண்டாக்கும் வேலை அல்ல இது. செய்து முடித்த வினாகிரிக்கு வாசம் ஏற்றும் வேலை மட்டுமே. என் வீட்டில் செய்யும் முறையைச் சொல்கிறேன். கண்ணாடிப் போத்தல்களைக் கழுவி, 10 நிமிடம் கொதிநீரில் வைத்து எடுக்க வேண்டும். அரை லீற்றர் வினாகிரிக்கு 2 துண்டு கறுவாவும் நாலைந்து கராம்பும் போதும். காரம் விரும்புபவர் 4 பல் வெள்ளைப்பூடும் 3 கொச்சிக்காயும் போடலாம். போடும் பொருள் எதுவானாலும் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். வினாகிரியைக் கொதிக்க விடாமல், கொதி வருவதற்குச் சற்று முன்னர், சுமார் 90 பாகை செல்சியஸ் சூட்டில் இறக்கி, சூடான போத்தலில் ஊற்றி மூட வேண்டும். இருட்டான, குளிர்ந்த இடத்தில் 3 அல்லது 4 வாரம் வைத்தால் வாசம் இறங்கிவிடும். பிறகு துணியில் வடித்து வேறு போத்தலுக்கு மாற்றிவிடலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வினாகிரியைச் சூடாக்கக் கூடாது. அமிலம் உலோகத்தைத் தின்னும். இரும்பு மூடியும் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் மூடியே நல்லது. அன்னாசி போன்ற நீர்ப்பிடிப்புள்ள பழங்களை அள்ளிப் போட்டால் வினாகிரியின் வலிமை குறைந்துவிடும். வெள்ளைப்பூடு சில வேளை பச்சையாகவோ நீலமாகவோ மாறும். அது பழுதல்ல, வாடிக்கையாளர் கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள். ஆனால் இதே முறையில் வெள்ளைப்பூட்டை எண்ணெயில் ஊற வைத்து வெளியே வைத்து விற்க எவரும் நினைக்க வேண்டாம். எண்ணெயில் அமிலம் இல்லாததால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் உண்டாகலாம்.

இவ்வளவும் இலகுவான பகுதி. கஷ்டமான பகுதி அடிப்படை வினாகிரி. அதைச் சொல்ல என்னுடைய ஒரு பிழையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கடை போட்ட புதிதில், 1990களின் கடைசியில், ஒருவர் 20 லீற்றர் கான்களில் வினாகிரி கொண்டு வந்து போடுவார். "அசல் தென்னங்கள் வினாகிரி" என்பார். விலை மற்றவர்கள் கேட்பதில் பாதிதான். அந்த விலையைக் கேட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது என்றுதான் இன்று சொல்வேன். இலாபம் வாயை மூட வைத்தது. நானும் "அசல்" என்று சொல்லியே விற்றேன்.

எங்கள் ஊரில் கணவனை இழந்த ஒரு தாய் கலியாண வீடுகளுக்கு அச்சாறு போட்டுக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் கடனுக்குப் பத்துப் போத்தல் எடுத்தார். ஒரு வாரத்தில் சாடிகள் நுரைத்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டன. அவர் சண்டைக்கு வரவில்லை. "நானா, நான் எங்க பிழை விட்டன்?" என்றுதான் கேட்டார். சாடி ஈரமாக இருந்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த கிழமை சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவரும் அதே குறையோடு வந்தபோதுதான் எனக்குத் தலை நிமிர முடியாமல் போனது. கானில் இருந்தது அமிலத்தில் தண்ணீர் கலந்த சரக்கு. அதிலும் தண்ணீர் அதிகம். அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கடனைத் தள்ளி, கெட்டுப்போன பொருள்களின் காசையும் கொடுத்தேன். அவர் இழந்த கலியாண ஓடரையும் அந்த வீட்டாரிடம் கெட்ட பெயரையும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

வினாகிரியில் அசற்றிக்கமிலம் குறைந்தது 4 சதவீதம் இருக்க வேண்டும். வாசம் ஏற்றவும் அச்சாறு போடவும் 5 சதவீதம் இருந்தால் பாதுகாப்பு. அதற்குக் கீழே போனால் பொருளைக் காக்கும் சக்தி போய்விடும். நாக்காலோ நிறத்தாலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. நிறம் மாறும் சோதனைக் கடதாசியும் உதவாது. பாதி தண்ணீர் கலந்தாலும் அது ஏறத்தாழ அதே நிறத்தைத்தான் காட்டும். அமில அளவை ஆய்வுகூடத்தில்தான் அறியலாம். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பொருள்களைப் பரிசோதித்துக் கொடுக்கிறார்கள். தொழிலாகச் செய்ய நினைப்பவர் அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு விடயம். தென்னங்கள் வினாகிரி ஆகுமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். கள்ளிலுள்ள மதுசாரத்தைப் பற்றீரியாக்கள் அமிலமாக மாற்றுவதால்தான் அது வினாகிரியாகிறது. தேங்காய்த் தண்ணீரில் சீனி சேர்த்துச் செய்வதும் இதே வழியைக் கடந்தே வருகிறது. மது தானாகவே வினாகிரியாக மாறினால் அது ஆகும் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பிணக்கில்லை. வேறு பொருளைப் போட்டு மாற்றினால் ஷாபிஈ மத்ஹபில் ஆகாது, ஹனபி மத்ஹபில் ஆகும். நான் ஆலிம் அல்ல. உற்பத்தி முறையை உற்பத்தியாளரிடம் கேட்டு, சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள் என்பதே என் சொல்.

இந்தப் பேணுதலுக்காகவே செயற்கை வினாகிரியைத் தேடி வாங்குகிற வீடுகளும் உண்டு. அதையும் குறை சொல்ல மாட்டேன். செயற்கை வினாகிரியைச் செயற்கை என்று எழுதி விற்பது குற்றமல்ல. செயற்கை கேட்டவருக்குச் செயற்கையையும் இயற்கை கேட்டவருக்கு இயற்கையையும் கொடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே கானிலிருந்து ஊற்றிக் கொடுப்பதுதான் மோசடி. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டபோது நபி (ஸல்) அவர்கள் கேட்டது, அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதுதான். இன்றைய வியாபாரத்தில் அந்த 'மேலே' என்பது லேபல்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபலுக்கென்று விதிகள் இருக்கின்றன. பொருளின் பெயர், சேர்மானங்கள், அளவு, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவரின் முகவரி எல்லாம் அதில் வர வேண்டும். தொடங்குவதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துப் பேசுங்கள். பிடிபட்ட பின் சந்திப்பதை விட அது மலிவு. பழைய சாராயப் போத்தல்களைக் கழுவி நிரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வாசத்தை விற்க வந்தவர் போத்தலில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நம் வீடுகளில் கைப்பக்குவம் உள்ள பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது நம்பிக்கையான மூலப்பொருளும் சந்தையும். இரண்டும் கடைக்காரர்களான நம் கையில் இருக்கின்றன. சோதித்த வினாகிரியை அவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் செய்ததை நியாயமான விலைக்கு எடுத்து நம் கடையின் முன்தட்டில் வைத்தால் இரு பக்கத்துக்கும் றிஸ்க் திறக்கும். பத்துப் போத்தலோடு தொடங்கினால் போதும்.

அந்தத் தாய் பிறகும் என் கடைக்கு வந்தார், வினாகிரியும் வாங்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்த பின்தான் காசை எடுத்தார். அது எனக்குக் கிடைத்த தண்டனை. உங்களுக்கு அது வராமல் அல்லாஹ் காப்பானாக. நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.