‘நான் போயிட்டா இதை யாரு பாக்குறது?’

சேரியில் மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாயிடம் பேசினாலும் கடைசியில் இந்தக் கேள்விதான் வந்து நிற்கும். நிலம், கூலி, வன்கொடுமை என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். குடிசைக்குள் பாயில் கிடக்கிற அந்த இருபத்தஞ்சு வயசுப் பிள்ளையும் தலித்துதானே தோழர்களே, அவனைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்?

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 2.21 பேர் ஊனமுற்றோர். தாழ்த்தப்பட்டோரில் மட்டும் 2.45. இது பூர்வஜென்ம வினையில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சோறில்லாததும், நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாததும், ஆபத்தான வேலையெல்லாம் நம்ம தலையில் விழுவதும் சேர்ந்துதான் இது.

தாய் களையெடுக்கப் போனால் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்ட ஆளில்லை. போகாவிட்டால் கஞ்சியே இல்லை. அதனால் காலைத் தூணில் கட்டிவிட்டுப் போகிறாள். அவளைக் கொடுமைக்காரி என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை இருக்கு? ஏர்வாடியில் காசு வாங்கிக்கொண்டு சங்கிலியில் கட்டிப்போட்ட கொட்டகை 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் செத்தார்களே, அதுவரை அரசாங்கம் எங்கே போயிருந்தது?

இப்போது சட்டம் இருக்கிறது. 2016 சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஊனமுற்றவருக்குச் சமூகத்துக்குள்ளேயே வாழும் உரிமை உண்டு என்கிறது. இன்ன இடத்தில்தான் இருக்கணும் என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டிலேயோ விடுதியிலேயோ உதவிக்கு ஆள் கிடைக்கணும் என்கிறது. ஆனால் அரசு இதற்கு ‘முயற்சி செய்யும்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நமக்கான சட்டத்தில் மட்டும் இந்த வார்த்தை எப்படியோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பராமரிப்புத் தொகை 2023இல் 2,000 ரூபாய் ஆனது. நாளுக்கு 67 ரூபாய். ஒரு நாள் களைக்கூலிக்குக்கூட வராது.

நாம் கேட்க வேண்டியது இரண்டு. தாய்க்குக் காய்ச்சல் வந்தால், வீட்டில் சாவு விழுந்தால், ஒரு வாரம் பிள்ளையை நம்பி விட்டுவிட்டு வர ஓர் இல்லம். தாய்க்குப் பிறகு நாலைந்து பேர் உதவியாளரோடு சேர்ந்து வாழ ஒரு சாதாரண வீடு. நூறு பேரை அடைக்கிற காப்பகம் வேண்டாம்.

அந்த வீடு எங்கே இருக்கும்? இங்கேதான் சாதி குறுக்கே வருகிறது. கை கால் நல்லா இருக்கிறவன் வாடகைக்குப் போனாலே ‘நீங்க என்ன ஆளுங்க’ என்கிற தெருவில் நம்ம பிள்ளைக்கு எவன் வீடு கொடுப்பான்? கொடுத்தாலும் அடுப்பு பொதுவா, தட்டு தனியா? உதவியாளர் யார்? பீ மூத்திரம் கழுவுகிற வேலை என்றதும் சேரிப் பொம்பளையைக் கூப்பிடுவார்கள், தினக்கூலிக்கு. ஆயாம்மா என்று மரியாதையாக வேறு சொல்வார்கள். அதை மாதச் சம்பளமும் பயிற்சியும் உள்ள அரசுப் பணியாக்கட்டும். எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்கட்டும். அப்புறம் பார்க்கலாம், எத்தனை பேர் ‘சேவை’ செய்ய வருகிறார்கள் என்று.

பணமில்லை என்பார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான நிதியை வேறு எதற்கும் திருப்பாமல் செலவிட 2024இல் தமிழ்நாடு சட்டமே போட்டிருக்கிறது. அதிலிருந்து ஒன்றியத்துக்கு ஒரு இல்லம், சேரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில். கிராமசபையில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் போகிற அந்த ரெண்டு மணி நேரம் பிள்ளைகளை நம்ம இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.