தூதரகக் கவுன்ட்டருக்கு ஆள் வேண்டும்

அயல்நாட்டில் ஓர் அரசு ஆற்றும் தூதரகப் பணியை அனைத்துலகச் சட்டம் இரு கூறாகப் பிரிக்கிறது. அரசோடு அரசு நடத்தும் உறவை 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும், அந்நாட்டில் தங்கியிருக்கும் தன் குடிமக்களுக்கு ஓர் அரசு செய்துதரும் உதவிகளை, அதாவது கான்சுலர் பணி எனப்படுவதை, 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் வரையறுக்கின்றன. சட்டத்தில் இரண்டுக்கும் உரிய இடம் இருப்பினும், இந்திய வெளியுறவுப் பணியில் முதலாவதே பெருமைக்குரியதாகவும், இரண்டாவது இளநிலை அதிகாரிகள் சில காலம் செய்துவிட்டுக் கடந்துபோக வேண்டியதாகவும் கருதப்பட்டு வந்துள்ளது. ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள் வாழும் ஆறு வளைகுடா நாடுகளைப் பொறுத்தவரையிலேனும் இந்த வரிசை மாற வேண்டும். அங்குள்ள தூதரகங்களில் தொழிலாளர் நலப் பிரிவுக்கும் கான்சுலர் பிரிவுக்கும் கூடுதல் ஆட்களை அமர்த்துவதை வெளியுறவு அமைச்சகம் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

அப்பிரிவுகளின் அன்றாட வேலை எத்தகையது என்பதற்கு இறப்பு தொடர்பான கோப்பு ஒன்றே போதும். தொழிலாளி ஒருவர் இறந்தால், மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, காவல்துறையின் ஒப்புதல், உடலை ஊருக்கு அனுப்பவோ அங்கேயே அடக்கம் செய்யவோ குடும்பத்தார் நோட்டரி முன்னிலையில் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம் ஆகியவை வந்து சேர்ந்த பின்னரே, தூதரகம் அந்த இறப்பைப் பதிவு செய்து, கடவுச்சீட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று வழங்க முடியும். அதன் பிறகே எம்பாமிங் எனப்படும் உடல் பதப்படுத்தலும் விமானச் சரக்குப் பிரிவில் முன்பதிவும் நடைபெறும். இவற்றில் ஒரு தாள் தாமதமானாலும் உடல் பிணவறையிலேயே கிடக்கும் என்பதால், செலவை ஏற்கத் தயங்கும் நிறுவனத்துக்கும், ஊரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் குடும்பத்துக்கும் இடையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர் அந்தப் பிரிவின் அதிகாரிதான். உடல் ஊர் சேர்ந்த பின்னும், நிலுவைச் சம்பளமும் பணிக்கொடையும் இழப்பீடும் கேட்டு அந்தக் கோப்பு பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பற்றிய தீயில் தமிழ்நாட்டினர் எழுவர் உள்பட 45 இந்தியர்கள் மாண்டபோது, இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அது பாராட்டத்தக்க செயல். அரசு முழுக் கவனம் செலுத்தினால் எவ்வளவு விரைவு கைகூடும் என்பதற்கும் அதுவே சான்று. ஆனால் சவுதிப் பாலைநிலத்தில் ஆட்டுப்பட்டியில் தனியே மாரடைப்பால் இறப்பவருக்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் வருவதில்லை. அவருடைய உடல் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்வது அரிதும் அன்று.

தூதரகத்துக்கு அதிகாரம் குறைவு என்பது உண்மையே. பணியிட நாட்டின் சட்டங்களை மதிக்க வேண்டும், அதன் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என 1963 உடன்படிக்கையின் 55-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வேலைக்கு அமர்த்தியவரே தொழிலாளியின் தங்குரிமைக்குப் பொறுப்பாளியாகும் ‘கஃபாலா’ முறை தளர்ந்துவருவதாகக் கூறப்பட்டாலும், சவுதி அரேபியா 2021 மார்ச்சில் கொண்டுவந்த சீர்திருத்தம் வீட்டுவேலை செய்வோரையும் வீட்டு ஓட்டுநர்களையும் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. சம்பளம் கேட்டு வெளியேறியவர் மீது ‘ஹுரூப்’, அதாவது வேலையிடத்திலிருந்து ஓடிப்போனார் என்ற புகார் பதிவானால் அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகிவிடுகிறார். இத்தகைய சட்டச் சூழலில் தூதரகத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே வலிமை நேரில் போய் நிற்பதுதான்: தொழிலாளர் அலுவலகத்துக்கு, நீதிமன்றத்துக்கு, சிறைக்கு. அதற்கு ஆள் வேண்டும்.

இந்திய வெளியுறவுப் பணியின் அதிகாரிகள் உலகம் முழுமைக்குமாகச் சுமார் ஆயிரம் பேர். இது போதாது என்பதை நாடாளுமன்ற நிலைக்குழு மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியுள்ளது. சுமார் 25 லட்சம் இந்தியர்கள் வாழும் சவுதியில் ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் மட்டுமே இருக்க, எண்ணெய் வளமும் தொழிற்சாலைகளும் நிறைந்த தம்மாம் பகுதி ரியாத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருக்கும் ஒருவரை, விடுப்பு எடுத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்து குறை சொல்லச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

கடவுச்சீட்டு விண்ணப்பங்கள் தனியார் மையங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டன, குறைகளைப் பதிய 2015 முதல் ‘மதத்’ இணையதளம் இருக்கிறது, 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி விமானச் சீட்டுக்கும் உடலை அனுப்பவும் பணம் தருகிறது, பிறகு ஆட்கள் எதற்கு என்று கேட்கப்படலாம். விண்ணப்பத்தை வாங்கி வைக்கத் தனியார் போதும். சிறையில் இருப்பவரைச் சந்திக்கும் உரிமை தூதரக அதிகாரிக்கு மட்டுமே உண்டு. உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு தரும் அந்த உரிமைக்காகவே பாகிஸ்தான் சிறையிலுள்ள குல்பூஷண் ஜாதவ் வழக்கில் ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் வரை சென்று 2019-இல் வென்ற நாடு இந்தியா. அயல்நாட்டுச் சிறைகளில் உள்ள இந்தியர்கள் 10,000-க்கும் மேல் என்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியிருக்க, அவர்களில் எத்தனை பேரை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை அதிகாரி சந்திக்கிறார் என்பதையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நல நிதியைப் பொறுத்தவரை, அது கருணைத் தொகை அன்று. தூதரகச் சேவைகளுக்கு இந்தியர்கள் கட்டும் கூடுதல் கட்டணத்தால் நிரம்புவது.

ஆள் எண்ணிக்கையோடு மொழியும் சேர வேண்டும். அதிகாரிகள் அரபு கற்கிறார்கள். ஆனால் கவுன்ட்டரின் மறுபுறம் நிற்பவர் தமிழோ மலையாளமோ தெலுங்கோ போஜ்புரியோ மட்டும் அறிந்தவர். உத்தரப் பிரதேசம், பிஹார், தமிழ்நாடு, தெலங்கானா, கேரளம் ஆகிய மாநிலங்கள் தம் தொழிலாளர் துறை ஊழியர்களை அயற்பணியாகத் தூதரகங்களுக்கு அனுப்ப மத்திய அரசு வழிசெய்தால் இக்குறை பெருமளவு தீரும்.

இப்பணியில் இருப்போரின் நிலையும் கவனத்துக்குரியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறும் பிள்ளைகளின் படிப்பு, வேலையை விட்டுவிட்டு உடன்வரும் துணைவர் ஆகிய சுமைகள் தூதரக அதிகாரிகள் எல்லோருக்கும் பொது. அவற்றோடு பிணவறைக்கும் சிறைக்கும் மாறிமாறிச் செல்பவருக்குப் பதவி உயர்விலும் அடுத்த பணியிடத் தேர்விலும் அந்த உழைப்பு தனி மதிப்பெண்ணாகக் கணக்கில் வர வேண்டும். இல்லையேல் திறமையானவர்கள் அந்த இருக்கையைத் தவிர்க்கவே முயல்வர். தம்மாமில் ஒரு துணைத் தூதரகம், ஒவ்வொரு வளைகுடாத் தூதரகத்திலும் இறப்புக் கோப்புகளுக்கென்றே தனி அதிகாரி ஆகிய இரண்டையும் வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ அயல்நாட்டு அரசோடு புதிய ஒப்பந்தமோ தேவையில்லை, துணைத் தூதரகத்துக்கு மட்டும் ரியாத்தின் இசைவு பெற்றால் போதும்.