யார் வேணா சேரலாமாம்... அதனால என்ன?

நம்ம ஊர்க்காரங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு வீட்டு விலையில ஆரம்பிச்சு பசங்க காலேஜ்ல போய் நிக்கும். பே ஏரியாவுல இருக்கிற மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுல அடிக்கடி காதுல விழுற ஒரு வசனம்: "கம்யூனிட்டி காலேஜா? அங்கதான் யார் வேணா சேரலாமே!" முகத்தை ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு சொல்வாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல விஷயத்தை நேராச் சொல்லிடறேன். கலிஃபோர்னியாவுல கம்யூனிட்டி காலேஜ்ல சேர என்ன தகுதி வேணும்? ஹைஸ்கூல் முடிச்சிருந்தா போதும். முடிக்கலையா, 18 வயசு ஆயிருந்து படிச்சுப் பயன்பெற முடியும்னா வாங்கன்னுதான் சொல்றாங்க. எஸ்.ஏ.டி. கிடையாது, கட்டுரை கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது. ஆன்லைன்ல ஒரு படிவம், அதுக்குக் கட்டணமும் இல்லை. அவ்வளவுதான்.

இது ஏதோ கவனக்குறைவால வந்ததில்லை. 1960-ல இந்த மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்துலயே பிரிச்சு வெச்சிட்டாங்க. மேல இருக்கிற எட்டுல ஒரு பங்குப் பசங்களுக்கு யூ.சி., மூணுல ஒரு பங்குக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி, மத்த எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்க ரெண்டு வருஷம் ஒழுங்காப் படிச்சவங்க மத்த ரெண்டுக்கும் மாறிப் போக வழி. ஆக, வடிகட்டுறது வாசல்ல இல்லை, உள்ளே படிக்கிற படிப்புல.

நமக்கு இது மண்டையில ஏறாது. கட்-ஆஃப் அரை மார்க் குறைஞ்சதுக்கு வீட்டுல எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்த தலைமுறை நாம. ஒரு காலேஜ் எத்தனை பேர் முகத்துல கதவைச் சாத்துதோ, அவ்வளவு மதிப்பு அதுக்கு. சேர்ந்தவன் என்ன கத்துக்கிட்டு வெளிய வந்தான்னு யாராவது கேட்டிருக்கோமா?

இதுல பெரிய காமெடி என்னன்னா, முகம் சுளிக்கிற அதே அப்பா அம்மாதான் பதினொண்ணாவது படிக்கிற பிள்ளையை லீவுல அதே காலேஜ்ல ஒரு கால்குலஸ் கிளாஸ்ல போடறாங்க. ஸ்கூல் பிரின்சிபால் கையெழுத்து வாங்கினா ஹைஸ்கூல் பசங்களும் சேரலாம். யூ.சி. அப்ளிகேஷன்ல காட்டறதுக்கு அந்த கிளாஸ் நல்லது, ஆனா காலேஜ் மட்டும் கேவலம். என்ன லாஜிக்கோ :-)

சரி, வாசல் திறந்திருக்கு. அதனால எல்லாருக்கும் எல்லாம் கிடைச்சிடுதான்னா, அதுவும் இல்லை. உள்ளே போனா வேற கதவுகள் இருக்கு. நம்ம கோபம் அதுங்க மேல போகணும்.

முதல் கதவு, பிளேஸ்மென்ட் டெஸ்ட். நான் 2004-ல எச்-4 விசாவுல வந்து இறங்கி, வீட்டுல சும்மா இருக்கப் பிடிக்காம ஒரு காலேஜ்ல போய் நின்னேன். ஊர்ல எம்.எஸ்சி. முடிச்சவ. ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சு, டிகிரிக்குக் கணக்குல வர்ற இங்கிலீஷ் கிளாஸுக்கு ரெண்டு படி கீழே தள்ளிட்டாங்க. அந்தப் படிகளுக்கும் காசு கட்டணும், நேரம் செலவழிக்கணும். ஆனா மாறிப் போறப்ப அந்த யூனிட் எதுவும் சேராது. எனக்குப் பரவாயில்லை, வீட்டுக்காரர் சம்பளம் இருந்துச்சு. பக்கத்து சீட்ல ஒரு நாற்பது வயசுக்காரர். ராத்திரி முழுக்க பேக்கரியில வேலை பார்த்துட்டு நேரா கிளாஸுக்கு வருவார். ரெண்டாவது செமஸ்டர்ல அவர் இல்லை. பாதி நாற்காலி காலி. யாரும் ஃபெயில் ஆகலை, படி ஏறி அலுத்துப் போயிட்டாங்க.

2017-ல கொண்டு வந்த ஏ.பி. 705 சட்டம் இதை மாத்துச்சு. டெஸ்டைத் தூக்கிட்டு, ஹைஸ்கூல் மார்க்கைப் பாருங்க, முடிஞ்ச வரைக்கும் நேரா டிகிரி லெவல் கிளாஸ்லயே போடுங்கன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் முதல் வருஷத்துலயே அந்தக் கணக்கையும் இங்கிலீஷையும் முடிக்கிறவங்க நிறையவே கூடிட்டாங்க. தரம் போச்சுன்னு புலம்பற வாத்தியார்கள் இருக்காங்க. 2022-ல வந்த அடுத்த சட்டம் இன்னும் இறுக்கிப் பிடிச்சதுல, அல்ஜீப்ராவே தகராறா இருக்கிற பையன் நேரா கால்குலஸ்ல மாட்டிக்கிறான்னு அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. அதுக்கு கூடவே ஒரு உதவி வகுப்பு வைக்கணும். மறுபடியும் ரெண்டு வருஷம் கீழ்ப்படியில உட்கார வைக்கிறது மருந்து ஆகாது.

ரெண்டாவது கதவு, ஃபீஸ். இந்த மாநிலத்துக்காரங்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். மூணு யூனிட் கிளாஸ் 138 டாலர்தான். ஆனா 'மாநிலத்துக்காரர்' ஆக, ஒரு வருஷமும் ஒரு நாளும் இங்க குடியிருக்கணும், இங்கயே இருக்கப் போறேன்னு காட்ட ஆதாரமும் வேணும். அதுவரைக்கும் பல மடங்கு. எச்-1, எச்-4-ல இருக்கிறவங்க இப்படிக் குடியிருப்புக் கணக்கு காட்டலாம், எஃப்-1 மாணவர்களுக்கு அது முடியாது. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு நான் சொல்றது: வீட்டு வாடகைப் பத்திரத்துல உங்க பேரும் இருக்கட்டும், லைசென்ஸ் சீக்கிரம் எடுங்க, வரி தாக்கல் பண்ணின காகிதத்தைப் பத்திரமா வைங்க. கணவர் பேர்ல மட்டும் எல்லாம் இருந்தா அப்புறம் கவுன்ட்டர்ல நின்னு அல்லாடணும்.

மூணாவது, நர்சிங் மாதிரி சில படிப்பு. காலேஜ்ல சேர்றது சுலபம், அந்தப் படிப்புல சேர்றது அப்படி இல்லை. அனாடமி, பிஸியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முதல்ல முடிக்கணும், அதுக்கு மேல தனியா அப்ளிகேஷன். சில இடத்துல குலுக்கல் கூட உண்டு. 'யார் வேணா சேரலாம்'னு சொல்றவங்க இந்த வரிசையில போய் ஒரு நாள் நின்னு பார்க்கட்டும்.

சுமாரான மார்க் வாங்கின பிள்ளையை, நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பயந்து, வெளி மாநிலத்துல பேர் தெரியாத தனியார் காலேஜ்ல கடன் வாங்கிச் சேர்க்கிறதை நிறையப் பார்த்துட்டேன். இங்கேயே ரெண்டு வருஷம் படிச்சு, சொன்ன பாடங்களைச் சொன்ன மார்க்கோட முடிச்சா டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உள்பட ஆறு யூ.சி. கேம்பஸ்ல இடம் உறுதின்னு எழுத்துலயே தர்றாங்க (எல்லா மேஜருக்கும் இல்லை, பார்த்துக்கோங்க). டாம் ஹாங்க்ஸ் கூட ஹேவர்ட்ல சேபட் காலேஜ்ல படிச்சவர்தான். 2015-ல அதைப் பத்தி நியூயார்க் டைம்ஸ்ல பெருமையாவே எழுதினார்.

மார்க் கம்மியா வாங்கினவனுக்கு, பதினெட்டு வயசுல படிக்க முடியாமப் போனவனுக்கு, முப்பது வயசுல புது நாட்டுல வந்து இறங்கினவளுக்கு, இன்னொரு தடவை 'உள்ளே வா'ன்னு சொல்ற இடம் உலகத்துல எத்தனை இருக்கு? அதைத் தரக்குறைவுன்னு என்னால சொல்ல முடியலை.

உங்க பக்கத்து மாநிலத்துல, நாட்டுல இது எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் சரி, பேரோட வந்து திட்டுங்க :-)